மாடியில் தைப்பட்டம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சிவில் படித்த நான் மாடித் தோட்டம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் என் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மொட்டை மாடியில் வெண்டைக்காய் போடுவது பாதி விவசாயம், பாதி ஸ்ட்ரக்சுரல் டிசைன். முதல் பாதியை அம்மாவிடம் கற்றேன். அடுத்த பாதியை இதே கட்டிடத்தில், முதல் மாடி வகுப்பறையில் கற்றேன்.

இளவேனில் என்பது நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும். அப்போது பறித்துச் சமைக்க வேண்டுமானால் தையிலேயே விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆடிப்பட்டத்தைத் தெரியாதவர் இல்லை. தைப்பட்டத்தைத்தான் நகரத்தில் மறந்து விட்டோம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கொத்தவரை வெயிலுக்கு அஞ்சாது. முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம். கத்தரியை நாற்று விட்டு, ஒரு மாதம் கழித்து எடுத்து நட வேண்டும். தக்காளியை மட்டும் நம்பாதீர்கள். பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டி விட்டால் பூவை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். பங்குனிக்குள் கிடைத்ததுதான் லாபம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு வீட்டைப் பார்க்க அழைத்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவி காலமான பிறகு மாடியிலேயே வாழ்ந்து வந்தார். செங்கல்லை அடுக்கி, தளத்தின் மேலேயே மண் கொட்டி மூன்று பாத்திகள். கத்தரியும் அவரையும் கண்கொள்ளாக் காட்சி! கீழே வந்து அண்ணாந்து பார்த்தால் கூரையில் விரிசல், ஈரத்திட்டு, துருக்கறை. "எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிடலாங்க" என்று மகன்கள் நிற்கிறார்கள். பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, இதை மட்டும் எடுக்கச் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

கணக்குப் போட்டேன். ஒரு பாத்தி 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம். நனைந்த மண் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ. ஆக ஒரு பாத்தி ஏறக்குறைய 2,900 கிலோ! கோயில் யானையை மாடியில் கொண்டு போய்க் கட்டிய மாதிரி. சதுர மீட்டருக்கு 810 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. மூன்று பாத்தியும் நடுத்தளத்தில், உத்தரத்தை விட்டு விலகி இருந்தன. தளம் அதுவரை தாங்கியதே அதைக் கட்டிய மேஸ்திரியின் புண்ணியம்.

மகன்கள் சொன்னது சரி. பெரியவர் கேட்டதும் சரி. முதலில் சுமையை இறக்கினோம். மேலே பாரம் இருக்கும்போது கீழே விரிசலைப் பூசி மறைப்பது வீண் வேலை, ஆபத்தான வேலையும்கூட. பிறகு தளத்தைக் காய விட்டு, துருவேறிய கம்பியைச் சுத்தம் செய்து, மேலே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் தட்டோடும் போட்டோம். அதன் பிறகு தோட்டம் திரும்பவும் மேலே ஏறியது. இம்முறை ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரப் பைகளில். மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. ஒரு பை, ஈரத்தோடு, சுமார் 20 கிலோதான். இருபத்தி நாலு பைகளையும் சுவர் ஓரமாகவும் உத்தரத்துக்கு மேலாகவும் வரிசை வைத்தோம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு செங்கல், தண்ணீர் வழிந்து ஓடவும் தளம் காயவும். மழைநீர்க் குழாய் வாயை எதுவும் அடைக்கக் கூடாது.

இன்னொன்று. சன்ஷேடு மேல் தொட்டி வைக்காதீர்கள். அது வெயிலையும் மழையையும் தடுக்க நீட்டிய மெல்லிய பலகை. பாரம் சுமக்கப் போட்டதல்ல. வழியில் போகிறவர் தலைக்கும் நாம் பொறுப்பு.

பூச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடையில் வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய், மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கி விட வேண்டும். மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்கலாம். சுரைக்கும் பூசணிக்கும் மாடியில் தேனீ வராவிட்டால் நாமேதான் தேனீ. ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவில் தொட வேண்டும். பூசணிப் பூ விடியலில் மலரும், சுரைப் பூ சாயங்காலம். நேரம் தெரியாமல் போனால் காய் இல்லை.

சமையலைப் பற்றி என் மனைவி முன்னால் பேசக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் பேசுகிறேன். கீரையை மூடி போடாமல் வேக வையுங்கள். மூடினால் கீரையிலிருந்து கிளம்பும் அமிலம் ஆவியோடு போகாமல் திரும்ப விழுந்து பச்சை நிறத்தைக் கெடுத்து விடும். புளியைப் பருப்பு வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் பருப்பு கல்லாட்டம் நிற்கும். அம்மா இதைக் கெமிஸ்ட்ரி படிக்காமலே சொன்னார். காலையில் பறித்த வெண்டையைக் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகு நறுக்கி, அகன்ற சட்டியில் வதக்கினால் வழவழப்பு வராது. முற்றாத கொத்தவரங்காய் இருந்தால் பருப்பு உசிலி தவிர வேறெதுவும் செய்யாதீர்கள், இது என் தீர்ப்பு! பிரண்டை நுனியைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் எடுத்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளியோடு அரைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும்.

பங்குனி, சித்திரையில் தெரு வேப்பமரம் தானாகவே மாடியில் பூவைக் கொட்டும். இரவே பழைய வேட்டியை விரித்து வைத்தால் போதும். நிழலில் உலர்த்தி, நெய்யில் வறுத்து ரசத்தில் போடுங்கள். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கும் அதுவே.

அந்தக் கோவை ஆசிரியர் வீட்டில் போன வருடம் சாப்பிட்டேன். அவரை இந்தத் தையில் 24 பையை 30 ஆக்கலாமா என்று போன் போட்டுக் கேட்டார். "உத்தரத்து மேல இடம் இருக்கா சார்?" என்றேன். "அதான் டேப் பிடிச்சு அளந்து வச்சிருக்கேன் தம்பி" என்றார்.

ஹாஸ்டல் தம்பி தங்கைகளுக்கு: ஜன்னல் ஓரத்தில், உள்பக்கமாக, ஒரு தொட்டி போதும். மெஸ்ஸுக்கு வாங்கும் புதினாவில் இலையைக் கிள்ளிவிட்டு, தண்டைத் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும், நட்டு விடலாம். மல்லி விதையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கோடை ஏறினால் அது பூத்துப் போகும் என்பதால் சீக்கிரம் போடுங்கள். வெண்டை, கொத்தவரை, முளைக்கீரை விதைப் பொட்டலங்கள் பதிவு மேஜையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடுத்துக் கொள்ளுங்கள்.