முக்குருத்தி: புல்தான் பழைய வெர்ஷன்

ஊட்டி போனா சீகை மரங்களுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்து, ‘இயற்கை’ன்னு கேப்ஷன் போடுவோம்ல? நானும் போட்டிருக்கேன். ஆனா சீகை ஆஸ்திரேலியா மரம். தைலமரமும் அங்கிருந்து வந்ததுதான்.

நீலகிரியோட மேற்கு ஓரத்துல முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கு. அங்க பழைய நிலம் இன்னும் மிச்சமிருக்கு: சரிவெல்லாம் புல், மலை மடிப்புகள்ல மட்டும் சோலைக்காடு. தோடர்களுக்கு அந்தப் புல்வெளி எருமை மேய்க்கிற இடம். பிரிட்டிஷ்காரங்களுக்கோ வீண் நிலம். விறகுக்கும், தோல் பதனிடுற பட்டைக்கும் வெளிநாட்டு மரம் நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் நாமளும் நிறுத்தல.

“காட்டை அழிச்சதாலதானே புல்லு வந்துச்சு?” நல்ல கேள்வி. அதுக்கு ஒரு லாக் ஃபைல் இருக்கு. நீலகிரி சதுப்புகள்ல செடிகள் முழுசா மக்காம, அடுக்கடுக்கா பீட் மண்ணா சேர்ந்திருக்கு. வெப்பமண்டலப் புல்லுல கார்பன்-13 மரத்தைவிட கொஞ்சம் ஜாஸ்தி. அதை அடுக்கு அடுக்கா அளந்து, ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் 1993-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுக வறட்சியில, இங்க புல்தான் ஆதிக்கம். பின்னாடி மழை கூடி காடு பரவுச்சு. அப்புறம் மறுபடியும் புல். (கமிட் மெசேஜ்தான் இல்ல!)

சரி, சீகையை வெட்டிடலாமா? வெட்டினா மண்ணுல தூங்குற விதை முளைச்சு வரும். விட்டா வரையாடு மேய இடம் சுருங்கும். இதுக்கு நடுவுல, சில இடங்கள்ல சீகை நிழல்லயே சோலை மரக்கன்னுகள் வளருது. அதையும் சேர்த்து வெட்டுறதா?