வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, சரக்குக்கு?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் குளிர்சாதன லாரி உரிமையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, லாரித் தொழிலில் இருக்கும் தம்பிமார்களே!

குளிர்சாதன வண்டி வாங்க உதவி கேட்டு நம் பிள்ளைகள் சிலர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லுமாறு நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். பட்டதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் உறைந்த இறால் 2 டன் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டேன். இரவு வழியில் கம்ப்ரசர் பெல்ட் அறுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. கேபினில் குளிர்நிலை காட்டும் மீட்டர் 2 மாதமாகப் பழுது. பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். காலையில் கதவைத் திறந்தால், மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு மைனஸ் 5-இல் இருந்தது. வாங்க வந்தவர் இறக்க மறுத்துவிட்டார்.

"நம்மிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று தைரியமாகப் போனேன். வண்டி மோதவில்லை, கவிழவில்லை, தீப்பிடிக்கவில்லை. சரக்கோ அந்தப் பாலிசியிலேயே இல்லை என்றார்கள். சரக்குக்காரருக்கு நான்தான் பணம் கொடுத்தேன். என் வீட்டாரின் நகை அடகுக்குப் போனது. மீட்க 3 ஆண்டு ஆனது.

அன்று நான் படிக்காமல் விட்டதை நீங்கள் படியுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்பது விபத்து, தீ, திருட்டு ஆகியவற்றால் வண்டிக்கு வரும் சேதத்துக்கு. இயந்திரம் தானாகப் பழுதானால் அதில் பணம் கிடையாது. குளிர்சாதன யூனிட்டின் மதிப்பு பாலிசியில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரக்குக்கு வேறு பாலிசி வேண்டும். பெரும்பாலும் அதைச் சரக்குக்காரர் எடுப்பார். "அவர் எடுத்திருக்கிறார், நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். அவருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம், தவறு நம்முடையது என்றால் நம்மிடம் வசூலிக்க வரலாம். அதனால் லாரிக்காரரின் பொறுப்புக்கான காப்பீடு பற்றியும் ஏஜெண்டிடம் கேளுங்கள்.

"குளிர்சாதனப் பழுதும் சேருமா?" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில பாலிசிகளில் இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றிருந்தால்தான் பணம் என்று நிபந்தனை இருக்கும். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரே இரவு. அந்தப் பாலிசி நமக்கு எதற்கு?

மார்க்க அடிப்படையில் ஐயம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் பாலிசி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பராமரிப்பு நம் கடமை. ஏற்றிய சரக்கு நம்மிடம் உள்ள அமானிதம்.

ஏற்றுவதற்கு முன்பே பெட்டியைக் குளிரவையுங்கள். யூனிட் குளிரைக் காக்கத்தான்; சூடான சரக்கைக் குளிர்விக்க அல்ல. கூரை முட்ட அடுக்காதீர்கள், காற்று சுற்ற இடம் வேண்டும். கதவு ரப்பர், பெல்ட், கேஸ் கசிவு மூன்றையும் தவறாமல் பாருங்கள். கடற்கரை ஊரில் உப்புக் காற்று கண்டென்சரை அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் வண்டியின் இன்ஜின்தான் கம்ப்ரசரையும் ஓட்டுகிறது. டீசல் மிச்சம் என்று டீக்கடையில் இன்ஜினை அணைத்தால் குளிரும் அங்கேயே நின்றுவிடும். டிரைவர் தம்பிகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, காகிதம். ஏற்றும்போது சரக்கின் குளிர்நிலையை அளந்து, சீட்டில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வழி முழுக்கக் குளிர்நிலையைப் பதியும் சிறு கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். சர்வீஸ் பில்களை ஒரே கோப்பில் சேருங்கள். இழப்பீடு கேட்கும் நாளில் நம் பக்கம் பேசுவது இவைதான். என்னிடம் அன்று ஒரு பில்கூட இல்லை.

தாய்மார்களே, வண்டிக்காக நகையைக் கொடுக்கும் முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சரக்குக்கு என்ன ஏற்பாடு?" அவன் பதில் சொன்ன பிறகு கொடுங்கள்.