முற்றத்தில் ஆவிரை



வீட்டு முற்றத்திற்குப் பூச்செடி வேண்டி நாற்றுப் பண்ணைக்குச் செல்வோர் பலர், செடியின் பெயர் வாய்க்குள் நுழையாததாயிருந்தால் மகிழ்ந்து வாங்குகின்றனர். பெயர் நீள நீள விலையும் நீளும். அச்செடி நாடோறும் நீர் கேட்கும். மேழத்து வெயிலில் இரண்டு நாள் தவறினால் தலைசாய்ந்துவிடும். ஊர்ப்புறத்துக் கரட்டிலோ, நீரூற்றுவார் ஒருவருமின்றி, பொன்னை உருக்கி வார்த்தாற்போல் ஆவிரை பூத்து நிற்கிறது. குடிநீர்க்கே குடத்தொடு காத்து நிற்கும் ஊரில், அதைக் காட்டுச்செடியென ஒதுக்கிவிட்டு நீர்விழுங்கிச் செடியை வளர்ப்பது என்ன அறிவோ!

ஆவிரை இம்மண்ணின் பழங்குடி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களுள் அதுவும் ஒன்று. மடலேறுதலில் அதன் பூ இடம்பெற்றதைக் குறுந்தொகையும் கலித்தொகையும் காட்டும். ஆவாரை, ஆவாரம் என்பன மக்கள் வழக்கு. கன்னடத்தார் ஆவரிகெ என்பர். ஒரு குடும்பத்துச் சொற்களென்பது செவிக்கே விளங்கும். தெலுங்கர் தங்கேடு என்பர். தெலுங்கானம் 2014-இல் தனி மாநிலமானபோது அதனையே மாநிலப் பூவாக ஏற்றது. அவர்களின் பதுக்கம்மா விழாவில் பூவடுக்கின் சிறப்புப் பூ இதுவே. நம்மிடத்தும் பொங்கலுக்கு முன்னாள் பூளைப்பூவொடும் வேப்பிலையொடும் சேர்த்துக் காப்புக் கட்டும் வழக்கம் கொங்குநாட்டில் உண்டு. முன்பு வேலியோரத்தில் ஒடித்து வந்த கொத்தை இன்று நகரத்தார் கடையில் விலைகொடுத்து வாங்குகின்றனர். சாலை அகன்றது, கரடு மனைநிலமாயிற்று, செடி போயிற்று. செடி போனால் பெயரும் போகும். பொன்னரளியைக் காட்டி ஆவிரையென்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோரும் உளர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதவேண்டும். அழகுக்கென்று அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து கொண்டுவந்த மஞ்சட்கொன்றை, ஆவிரையின் இனத்ததே, பூவும் மஞ்சளே. இன்று அது முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை அடைத்துக்கொண்டு, கீழே புல்லும் முளைக்கவொட்டாமல் செய்கிறது. வெட்டினாலும் துளிர்க்கிறது. அதனை வேரொடு அகற்ற அரசு பெரும்பொருள் செலவிடுகிறது. உள்ளூர்ப் பூ இருக்க அயலூர்ப் பூவைத் தேடியதன் விலை அது.

இனி வளர்க்கும் முறை. ஆவிரை விதையின் தோல் கடியது; அப்படியே ஊன்றினால் நெடுநாள் உறங்கும். நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதில் விதையை இட்டு, ஓரிரவு ஊறவிட வேண்டும்; அல்லது சொரசொரப்பான கல்லில் இலேசாகத் தேய்த்து ஊறவைக்கலாம். உப்பிய விதை முளைக்கும். உப்பாததை மீண்டும் தேய்க்கலாம். கன்னித் திங்களில் (புரட்டாசி), வடகிழக்குப் பருவமழைக்கு முன், வளரவேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நன்று. ஆணிவேர் ஆழம் நோக்கி இறங்குவது. தொட்டியில் நெடுநாள் வைத்தால் வேர் சுருண்டுவிடும். ஓரிடத்தில் மூன்று விதையிட்டு வலியதொன்றை நிறுத்துக. செடிக்குச் செடி ஐந்தாறு அடி இடைவெளி வேண்டும். வெயில் முழுதும் படவேண்டும், நிழலில் பூக்காது. செம்மண்ணோ சரளையோ எதுவாயினும் ஏற்கும். நீர்தேங்கும் களியை மட்டும் ஏலாது.

முதற்கோடையில் பத்து நாட்கு ஒருமுறை நீர் போதும். அடுத்த கோடையில் அதுவும் வேண்டா. அன்பு மிகுந்து நாடோறும் ஊற்றுவோர் வேரை அழுகச் செய்வர். ஆவிரை சாவது பெரும்பாலும் இவ்வன்பினாலேயே. உரமும் மிகுதியாக வேண்டா, இலைதான் செழிக்கும். பூத்து ஓய்ந்தபின் மூன்றிலொரு பங்கை வெட்டிவிட்டால் அடர்ந்து தழைக்கும்.

இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற செதில் இருக்கும். 1753-இல் இலின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் இதற்குச் 'செவியுடையது' எனப் பொருள்படும் இலத்தீனப் பெயரிட்டது அதனாலேயே. செடியை அடையாளங்காண அச்செவியே போதும். பூவில் தேன் இல்லை. பூந்துகள் மட்டுமே உண்டு. அதுவும் மகரப்பையின் நுனித்துளைக்குள் அடைபட்டிருக்கும். மரந்துளைக்கும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்த்துக்கொள்ளும். காலையில் செடியருகே எழும் அந்த முரல்வைக் கேட்டவர்க்கு வேறு இசை வேண்டா. வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னும். நஞ்சு தெளிக்கவேண்டா, மழை பெய்தால் செடி மறுபடி தழைக்கும்.

பூவை உலர்த்திக் குடிநீராக்கிப் பருகுவோர் பலர். நீரிழிவுக்கு மருத்துவர் தந்த மருந்தை அதற்காக விட்டுவிடலாகாது.

நாற்றுப் பண்ணைகளில் ஆவிரை கிடைப்பது அரிது. ஊர்ப்புறத்தில் எஞ்சி நிற்கும் செடியில், தட்டையான நெற்றுகள் பழுப்பேறிக் காய்ந்தபின் கொத்துக்கு இரண்டு மூன்று மட்டும் பறித்து, மற்றவற்றை அவ்விடத்திலேயே உதிரவிடுக. பறித்ததை வெயிலில் உலர்த்தி, வேப்பிலையொடு மண்கலத்தில் இட்டு வைத்தால் கன்னித் திங்களுக்கு விதை அணியமாயிருக்கும்.