தோல் இறுகும் நோய்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் பேசிப் பழகிய யாம் இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். யாம் மருத்துவரல்லோம். எம்மிடம் பயின்ற சிறுமி ஒருத்தியின் பொருட்டு மருத்துவர்பால் கேட்டும் நூல்களிற் கற்றும் அறிந்தவற்றையே உரைக்கின்றோம். பெயர் சுட்டாது இதனை உரைக்குமாறு வேண்டியவர் அவள் தந்தையாரே.

அச்சிறுமிக்குப் பத்தாம் வயதில், தொடை முதல் முழங்காலுக்குக் கீழ்வரை, நாடா ஒட்டினாற்போல ஒரு வெண்பட்டை தோன்றிற்று. அவ்விடத்துத் தோல் தடித்து, விரலாற் பற்றியெடுக்க இயலாதவாறு இறுகிற்று. அண்டையார் 'பெருநோய்' என்று முணுமுணுத்தனர். நாளை பெண் கேட்டு எவர் வருவார் என்றஞ்சிய பெற்றோர் இரண்டாண்டு அதனை மறைத்தே வைத்தனர். பாவாடை பட்டையை மறைத்தது. மடங்கிய முழங்கால் நீளாமற் போனதை மறைக்கவில்லை. அவள் நொண்டுதலை யாமும் கண்டோம். விளையாட்டில் விழுந்தாள் போலும் என்றெண்ணி வினவாதிருந்தோம். அது எம் குற்றமே.

அவளுக்கு வந்தது பெருநோயன்று. 'ஸ்கிளீரோடெர்மா' என்னும் நோயின் ஒரு வகை. கிரேக்க மொழியில் முற்பகுதி கடினத்தையும் பிற்பகுதி தோலையும் குறிக்கும். நுரையீரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளையும் பற்றுவது ஒரு வகை. தோலோடும், சிலர்க்கு அதனடியிலுள்ள கொழுப்பு, தசை, எலும்போடும் நிற்பது மற்றொரு வகை. இப்பின்னதற்கு 'மார்ஃபியா' என்று பெயர். அபினினின்று எடுக்கும் மருந்தின் பெயரோடு ஒத்திருத்தலால் மயங்க வேண்டா. இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1854-இல் இதனை விவரித்தெழுதினார். இது முன்னைய கொடிய வகையாக மாறுதல் மிக அரிது.

காரணம் யாதெனின், முற்றுந் துணிந்து கூற மருத்துவராலும் இன்னும் ஆகவில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் நெறி பிறழ்ந்து தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. அதனாற் கிளர்ச்சியுற்ற அணுக்கள் 'கொல்லாஜன்' என்னும் நார்ப்பொருளை அளவிறந்து நெய்கின்றன. அடிபட்ட இடத்திலும், கதிர் மருத்துவம் பெற்ற இடத்திலும் இது தொடங்குதல் உண்டு. ஆண்களினும் பெண்களையே மிகுதியாகப் பற்றும். தொட்டால் ஒட்டாது; உடனிருந்து உண்டாலும் ஒட்டாது. நாகதோஷம் என்றும் முன்வினை என்றும் உரைப்பார் உளர். அவ்வுரையால் அக்குடும்பத்துக்குக் கழிந்தவை பரிகாரச் செலவும் மீளாத மாதங்களுமே.

இனி, அறியும் வகை. முதலிற் செந்நிறமாகவோ ஊதாவாகவோ ஒரு தழும்பு தோன்றும். பின்னர் நடுவிடம் தந்தம்போல் வெளுத்து மெழுகெனப் பளபளக்கும், மயிர் உதிரும், வியர்வை அற்றுப்போம். சுற்றிலும் ஊதா ஓரம் காணப்படின் நோய் இன்னும் வளர்கிறது என்பது பொருள். வெண்குட்டத்தில் நிறம் மட்டுமே மாறும், தோல் மென்மையாகவே இருக்கும். பெருநோயின் வெளிறிய தேமலில் உணர்ச்சி குன்றும். எனினும் வீட்டிலிருந்தே ஊசியாற் குத்திப் பார்த்து முடிவு செய்தல் கூடாது. தோல் மருத்துவர் கண்டே பெரும்பாலும் கூறிவிடுவார்; ஐயமுண்டாயின் தோலிற் சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார். பெருநோயேயாயினும் ஒளிப்பதற்கென்ன? அதனைத் தீர்க்கும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறதே!

தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவது, குழந்தைகளுக்குக் கை கால்களிலும் நெற்றியிலும் பட்டையாக வருவதையே. கால் வளர்ச்சி குன்றும், மூட்டு இறுகும். நெற்றியில் வாள்வெட்டுப் போலக் குழிந்து இறங்குவதாயின் கண்ணையும் மூளையையும் சோதித்தல் வேண்டும். வலிப்புக் காண்பதும் உண்டு.

சிறு தழும்புகளுக்கு ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் ஆகிய களிம்புகளும், புறஊதா ஒளி மருத்துவமும் உதவும். பட்டையாகவோ ஆழமாகவோ பரவலாகவோ வந்தால், மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தைத் தருவர்; தொடக்கத்திற் சில மாதம் ஸ்டீராய்டும் சேர்ப்பர். இந்நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிர்க்கே கேடாம். இதனை வீட்டிலுள்ளார் அனைவரும் அறிந்திருத்தல் நன்று. இடையிடையே இரத்தம் சோதிப்பர். கருவுற்றோர்க்கு இது ஆகாது. மூட்டை நீட்டி மடக்கும் பயிற்சியும் உடன்வேண்டும். சில ஆண்டுகளில் நோய் தானே ஓய்வதுண்டு. அதனை நம்பி வளரும் பிள்ளையின் காலை விட்டுவிடலாகாது. மருந்து மேலும் பரவாது தடுக்கும். முன்னரே சுருங்கியதை முழுதும் மீட்டுத் தருதல் அரிது.

அச்சிறுமிக்கு இன்று வயது பதினாறு. ஊதா ஓரம் மறைந்துவிட்டது. முழங்கால் முக்காற்பங்கு நீள்கிறது. அக்கால் மற்றதினும் ஒரு விரற்கிடை குறுகியே நிற்கிறது. அடி உயர்த்திய செருப்பணிந்து பள்ளிக்கு நடந்தே வருகிறாள்.