மின்சாரமும் இறங்கு ஏலமும்



தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் நடைபெறும் மீன் ஏலத்தைப் பள்ளுருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் வாழ்வோர் நன்கு அறிவர். படகு கரை சேர்ந்ததும் வணிகர்கள் மீன் குவியலைச் சூழ்ந்து நிற்பர். ஒருவர் ஒரு விலை கூறுவார். மற்றொருவர் அதற்கு மேல் கூறுவார். அதற்கும் மேலே செல்ல எவரும் இல்லாத இடத்தில் விலை நிற்கும். அங்கே விற்பவர் ஒருவர், வாங்குபவர் பலர். ஆதலால் விலை ஏறுகிறது. இதனைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வாங்குபவர் ஒருவர், விற்க முன்வருபவர் பலர் என்றால், ஒவ்வொருவரும் முன்னவரைவிடக் குறைத்துக் கூற, விலை இறங்கிக்கொண்டே வரும். சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கப்படும் மின்சாரத்தை நம் நாட்டு மின் வாரியங்கள் பெரிய அளவில் வாங்கும்பொழுது, இன்று பெரும்பாலும் இத்தகைய இறங்கு ஏலத்தின் வழியாகவே வாங்குகின்றன. இந்த ஏலம் எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் நமக்கு விளையும் நன்மை யாது, அது எங்கே தவறக்கூடும் என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

இஃது ஏதோ தொலைவில் உள்ள அலுவலகங்களின் காரியம் என்று நாம் எண்ணிவிடலாகாது. 1940-ஆம் ஆண்டில் பள்ளிவாசலிலும், 1976-இல் இடுக்கியிலும் அருவி நீரை மின்சாரமாக்கிய கேரளம், இன்று தன் தேவையின் பெரும்பகுதியை வெளி மாநிலங்களிலிருந்து விலைகொடுத்து வாங்குகிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதக் கோடையில் மாநிலத்தின் மின்தேவை ஒருநாள் இரவில் 5,700 மெகாவாட்டையும் கடந்து சென்றது. அந்த மின்சாரத்தை யார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்கினார் என்பதே, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நம் வீட்டு வாசலுக்கு வரும் கட்டணச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

முன்னாளில் இவ்விலையை நிர்ணயித்தவர்கள் ஒழுங்குமுறை ஆணையத்தார். நிலையம் கட்ட என்ன செலவாகும், கடனுக்கு வட்டி எவ்வளவு, முதலீட்டுக்கு நியாயமான இலாபம் எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்கள் அறிவிப்பர். புதிய தொழில் ஒன்று வேரூன்றும் காலத்தில் இது நல்ல முறையே. ஆனால், பொருளின் விலை விரைந்து குறையும் காலத்தில் கணக்கு எப்பொழுதும் ஒரு படி பின்தங்கியே நிற்கும். தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் நிறைவுற்ற 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு, ஆணையம் முன்னரே நிர்ணயித்திருந்தபடி யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா விலை அமைந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 2017-இல், அதே மாநிலம் 1,500 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபொழுது, விலை 3 ரூபாய் 47 பைசாவாக இறங்கிவிட்டது. இடையில் சூரியத் தகடுகளின் விலை உலகெங்கும் வீழ்ந்தது உண்மையே. எனினும், அவ்வீழ்ச்சியின் பயனை வாங்குபவரிடம் கொண்டுவந்து சேர்த்தது போட்டியே ஆகும்.

இனி, ஏலம் நடைபெறும் முறையைக் காண்போம். மின் வாரியம் தானே ஒப்பந்தப்புள்ளி கோரலாம். அல்லது 2011-இல் நிறுவப்பட்ட இந்தியச் சூரிய ஆற்றல் கழகம் போன்ற மத்திய நிறுவனம் பல மாநிலங்களின் சார்பில் கோரலாம். பின்னதில், கழகம் உற்பத்தியாளரிடம் வாங்கி, யூனிட்டுக்கு 7 பைசா தரகு சேர்த்து, மாநில வாரியங்களுக்கு விற்கும். போட்டியிட வருவோர் முதலில் தங்கள் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும்: போதிய சொத்து மதிப்பு உண்டா, முன்வைப்புத் தொகை கட்டினாரா, கேட்ட நிபந்தனைகளை ஏற்றாரா என்பன ஒரு உறையில் சோதிக்கப்படும். அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே அடுத்துத் திறக்கப்படும். பின்னர், குறித்த நாளில் கணினி வழியே இறங்கு ஏலம் தொடங்கும். ஒவ்வொருவரும் தம் விலையைக் குறைத்துக்கொண்டே வரலாம். முடியும் தறுவாயில் எவரேனும் குறைத்தால் ஏலம் மேலும் 8 நிமிடம் நீளும். அந்த 8 நிமிடத்திலும் எவரும் குறைக்காவிடில் முடிவுறும்.

ஆயிரம் மெகாவாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த விலை கூறியவர் 300 மெகாவாட் தர வந்திருந்தால், அந்த 300 அவருக்கு உறுதியாகும். அடுத்த விலைக்காரருக்கு அவர் கேட்ட அளவு. இவ்வாறு ஆயிரம் நிரம்பும் வரையில் பங்கீடு நடைபெறும். வென்றவருடன் 25 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும். இன்று பிறக்கும் குழந்தை படித்து முடித்து வேலைக்குச் செல்லும் வரையில் அவ்விலை நிலைத்திருக்கும் என்றால், அந்த ஒரு நாள் ஏலத்தின் கனத்தை நாம் உணரலாம். விலையை மிகக் குறைத்துக் கூறிவிட்டு நிலையத்தைக் கட்டாமல் நழுவுவோரிடமிருந்து காத்துக்கொள்ளவே முன்வைப்புத் தொகையும், காலதாமதத்துக்கு அபராதமும் விதிக்கப்பட்டிருக்கின்றன.

இம்முறையால் விலை எத்துணை இறங்கியது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 2010-இல் தேசியச் சூரிய இயக்கம் தொடங்கியபொழுது, மத்திய ஆணையம் கணித்த உச்ச விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 பைசா. அதிலிருந்து எவ்வளவு தள்ளுபடி தருவீர் என்று கேட்டதற்கு, முதல் சுற்றிலேயே மிகக் குறைந்த விலை 10 ரூபாய் 95 பைசாவாக வந்தது. 2011-இன் இறுதியில் அது 7 ரூபாய் 49 பைசாவாயிற்று. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராஜஸ்தானின் பாத்லாப் பாலைவனத்துக்கு நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 பைசா. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 பைசா. பத்தே ஆண்டுகளில் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்த வேறொரு பண்டத்தை நம் கடைத்தெருவில் காண்பது அரிது.

இதனைக் கண்டு, போட்டி ஒன்றே மாயம் செய்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. மத்தியப் பிரதேசத்தின் ரேவா என்னும் இடத்தில் 750 மெகாவாட் நிலையத்துக்கு 2017 பிப்ரவரியில் ஏலம் நடந்தது. முதலாண்டு விலை 2 ரூபாய் 97 பைசா என்று முடிவாகி, அன்று நாடே வியந்தது. அதன் இரகசியம் யாது? நிலம் முன்னதாகவே ஆயத்தமாக இருந்தது. மின்சாரத்தை எடுத்துச் செல்லும் கம்பித்தடத்துக்கு வழி செய்யப்பட்டிருந்தது. வாங்குபவர் பணம் தரத் தவறினால் மாநில அரசு பொறுப்பேற்கும் என்ற உறுதியும் இருந்தது. விற்பவனுக்கு அச்சம் எவ்வளவு உண்டோ, அவ்வளவும் விலையில் ஏறும். அச்சத்தைக் குறைத்தால் விலை தானே குறையும். ஏலம் அந்தக் குறைவை வெளிக்கொணர்ந்தது, அவ்வளவே.

அதனால்தான், கொடுத்த சொல்லைக் காப்பது இத்துறையில் வெறும் நல்லொழுக்கம் மட்டுமன்று, பொருளாதாரமும் ஆகிறது. 2019 ஜூலையில் ஆந்திரப் பிரதேச அரசு, முன்னர்க் கையெழுத்தான காற்று, சூரிய மின்சார ஒப்பந்தங்களின் விலைகள் அதிகம் என்று கூறி, அவற்றைத் திரும்பப் பேச முற்பட்டது. வழக்கு நெடுநாள் நடந்தது. ஒப்பந்தத்தில் கண்ட விலையையே தரவேண்டும் என்று 2022 மார்ச்சில் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய விலை உயர்வாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும், ஒருமுறை சொல் பிறழ்ந்தால், அடுத்த ஏலத்துக்கு வருவோர் அந்த ஐயத்தையும் விலையில் சேர்த்தே கூறுவர்.

நிற்க. ஏலத்தில் கண்ட விலை சட்டத்தின் முன் எவ்வாறு செல்லுபடியாகிறது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கூறுவது இது: மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, ஒளிவு மறைவற்ற ஏலத்தில் கண்ட விலையாயின், ஆணையம் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதாவது, செலவுக் கணக்கை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்க்கும் வேலை அங்கே இல்லை. முறை சரியாக இருந்ததா என்பதே கேள்வி. விலைக்குச் சான்று அந்த முறைதான்.

முறை பிசகினால் என்ன நேரும் என்பதைக் கேரளமே கண்டது. அது நிலக்கரி மின்சாரத்தைப் பற்றியது எனினும், பாடம் எல்லா மின்சாரத்துக்கும் பொது. 2014-இல் கேரள மின் வாரியம் ஏலத்தின் வழியே 25 ஆண்டு ஒப்பந்தங்கள் பல செய்துகொண்டது. அவற்றுள் 465 மெகாவாட்டுக்கான ஒப்பந்தங்களில், மத்திய வழிகாட்டு நெறிகளிலிருந்து விலகிய இடங்கள் இருந்தன. அவ்விலகல்களுக்கு உரிய ஒப்புதலும் இல்லை. யூனிட் 4 ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட விலையில் சில ஆண்டுகள் மின்சாரமும் வந்தது. ஆனால், 2023 மே மாதத்தில் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அவ்வொப்பந்தங்களுக்கு ஒப்புதல் மறுத்தது. அரசின் அறிவுறுத்தலுக்குப் பின், அவ்வாண்டு டிசம்பரில் ஆணையம் தன் முடிவை மாற்றியது. 2024 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அம்மாற்றத்தைச் செல்லாததாக்கியது. இடைக்காலத்தில் வாரியம் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டக் குறுகிய கால ஒப்பந்தங்களை நாடி, உயர்ந்த விலை கொடுக்க நேர்ந்தது. ஏட்டில் மலிவாக இருந்த மின்சாரம், முறையில் இருந்த ஓட்டையால் கையை விட்டு நழுவியது. ஆணையம் கண்டிப்பாக நடந்தது தவறு என்பாரும் உளர். சரி என்பாரும் உளர். ஆனால், 2014-இலேயே நெறியை வழுவாது பின்பற்றியிருந்தால் இவ்வழக்குக்கே இடமில்லை என்பதை இரு சாராரும் ஒப்புவர்.

மற்றொரு செய்தியும் உண்டு. ஏலம் நாம் கேட்டதைத்தான் தரும். நமக்கு வேண்டியதை அதுவாக அறிந்து தராது. நண்பகலில் சூரிய மின்சாரம் மலிவு. ஆனால், பள்ளுருத்தியில் விளக்குகள் எரிவதும், மீன மேட மாதப் புழுக்கத்தில் குளிர்சாதனங்கள் ஓடுவதும் கதிரவன் மறைந்த பின்னரே. பகலில் வாங்கும் மலிவான மின்சாரம் இடுக்கி நீரை இரவுக்காகச் சேமிக்க உதவும் என்பது உண்மை. எனினும் அந்நீருக்கும் அளவு உண்டு. எப்பொழுது கிடைத்தாலும் சரி என்று யூனிட்டை மட்டும் கேட்டு ஏலம் விட்டால், எல்லாரும் நண்பகல் மின்சாரத்தையே கொண்டுவருவர். 2025-ஆம் ஆண்டில், மத்திய நிறுவனங்கள் ஏலம் விட்டு வென்றவர் பெயரை அறிவித்த பின்னும், மாநில வாரியங்கள் வாங்கும் ஒப்பந்தம் செய்ய முன்வராமல், 40,000 மெகாவாட்டுக்கு மேல் தேங்கி நின்றது. அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறையைப் போக்கவே, அண்மைக் காலத்தில் ஏலங்களின் கேள்வி மாறியிருக்கிறது. சூரியனும் காற்றும் சேர்ந்த மின்சாரம் வேண்டும், இன்ன நேரத்தில் வேண்டும், சேமகலத்துடன் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேரளத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு காசர்கோடு மாவட்டத்தின் மயிலாட்டி. அங்கு 125 மெகாவாட் மின்சாரத்தை 4 மணி நேரம் வழங்கவல்ல சேமகல நிலையத்துக்கு 2025-இல் ஏலம் முடிந்தது. மெகாவாட் ஒன்றுக்கு மாதம் ஏறத்தாழ 4 இலட்சத்து 41 ஆயிரம் ரூபாய் என்று விலை அமைந்தது. இங்கே விலை யூனிட்டுக்கு அன்று, வாடகையாக என்பதைக் கவனியுங்கள். மட்டாஞ்சேரியின் மிளகுப் பண்டகசாலைகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அறுவடைக் காலத்தில் மிளகை வாங்கி அடுக்கி, தேவை மிகும் காலத்தில் வெளியே எடுப்பர். பண்டகசாலைக்கு உரியவர் வாடகை பெறுவார். அவ்வாறே பகல் மின்சாரத்தை அடைத்துவைத்து இரவில் திறக்கும் பண்டகசாலையை வாரியம் வாடகைக்கு எடுக்கிறது.

ஆகவே, புதியதோர் ஏலத்தில் இத்தனை ரூபாய், இத்தனை பைசா என்ற செய்தியை நாளேட்டில் காணும்பொழுது, நாம் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். கேட்டது எந்த நேரத்து மின்சாரம்? ஏலம் நெறிப்படி நடந்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்றதா? குறித்த காலத்தில் பணம் தரவும் நிலையத்தைக் கட்டவும் இரு தரப்பாரும் கடமைப்பட்டிருக்கிறார்களா? இம்மூன்றுக்கும் நேரான விடை இல்லாத குறைந்த விலை, விலையே அன்று. மாநில ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் பொது விசாரணைகளில் கட்டணம் செலுத்தும் எவரும் தம் கருத்தைக் கூறலாம். பொறியியல் கற்றவர்க்கும் வழக்கறிஞர்க்கும் மட்டும் உரிய உரிமை அன்று அது. கட்டணம் உயர்ந்த பின் வருந்துவதைவிட, இருபத்தைந்து ஆண்டுக்கு நம்மைப் பிணைக்கும் ஒப்பந்தம் உருவாகும்பொழுதே அங்கே சென்று இக்கேள்விகளைக் கேட்பது, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன் தரும்.