மாடு மேய்க்கவா பல்கலைக்கழகம்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



"படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று திட்டு வாங்காதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. நாங்கள் மூவரும் படித்தோம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தோம். பிறகு பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கு மாட்டைப் பற்றிப் படிக்கவே போனோம்!

மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதாமல் அழுதவர்கள்தான் நாங்களும். விலங்கு விஞ்ஞானம் என்று கடிதம் வந்தபோது, "இதற்கா இவ்வளவு படிப்பு?" என்று லயத்தில் கேட்டார்கள். எங்களுக்கும் பதில் தெரியவில்லை.

4 வருடப் படிப்பு. போதனாமொழி ஆங்கிலம். பாடசாலையில் எல்லாவற்றையும் தமிழில் படித்த நாங்கள், முதல் மாதங்களில் விரிவுரையைக் கேட்டதை விட அகராதியைப் புரட்டியதே அதிகம். சிங்களத் தோழிகள் குறிப்புகள் தந்தார்கள்; நாங்கள் உயிரியல் படங்கள் வரைந்து கொடுத்தோம். அப்படித்தான் கரையேறினோம்.

ஒருநாள் அசைபோடுதல் பற்றிய விரிவுரை. மாட்டின் இரைப்பையில் 4 அறைகள். முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. நலமான பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் அசைபோடும். அது நின்றால் ஏதோ கோளாறு. எங்களில் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய அம்மாயி பெரட்டுக்குப் போகுமுன் மாட்டுப்பட்டியை எட்டிப் பார்த்து, "அசை போடுதா?" என்றுதான் கேட்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் அவர்.

அம்மாயிக்குத் தெரியாததும் இருந்தது. பாலில் ஏறத்தாழ 87 வீதம் தண்ணீர். பீலியில் இருந்து காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி சுமந்து வந்தால் பசுவுக்குப் போதாது. விடுமுறையில் வந்து பட்டியில் ஒரு பீப்பாயை வைத்து, எந்நேரமும் தண்ணீர் நிற்கும்படி செய்தோம். பால் கூடியது. அதன்பிறகு லயத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஒரு விடயத்தைச் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்தில் பல பிள்ளைகளின் டியூஷன் காசு கொழுந்துச் சம்பளத்தில் வருவதில்லை; பசுவின் பாலில் வருகிறது. எங்களோடு உயர்தரம் படித்த ஒருத்தியின் வீட்டில் இருந்தது ஒரே பசு. மழைக்காலத்தில் ஈர இளம்புல்லை அதிகம் தின்று, வயிறு ஊதி, ஒரே இரவில் செத்தது. அடுத்த மாதம் அவள் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். எங்களைவிடக் கெட்டிக்காரி. அந்தச் சாவைத் தடுக்கும் வழி எளிது என்று மூன்றாம் வருடத்தில் படித்த அன்று நாங்கள் மூவரும் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். விண்ணப்பம் நிரப்பும் தங்கைமாரிடம் இந்தப் பாடநெறியைத் தள்ளிவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். பேராதனையிலும் விவசாய பீடமும் மிருக வைத்திய பீடமும் இருக்கின்றன. நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டிலும் இடமுண்டு. அடுத்து, வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரே, பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். அந்த மாதங்களில் தொலைபேசி வழியே வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர்களோடு ஆங்கிலத்தில் பேசுங்கள். எங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

மாடு மேய்க்கத்தான் போனோம். வெட்கப்படவில்லை.