மணிலாக் காயும் ஜிப்சமும்



பண்ருட்டிச் செம்மண்ணில் மணிலா பயிரிடும் குடியானவர், செடி செழித்து நிற்பதைக் கண்டு மகிழ்கிறார். பிடுங்கிப் பார்க்கையில் காய்களிற் பல பொக்காயிருப்பின், அவருடைய உழைப்பும் சங்கத்தில் வாங்கிய கடனும் என்னாவது? பொக்குக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று, காய்க்குக் கால்சியம் போதாமை.

கால்சியம் ஒரு மூலகம். 1808-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில ரஸாயன சாஸ்திரி அதை மின்சாரத்தின் உதவியாற் பிரித்தெடுத்தார். அது வெள்ளி போன்ற உலோகம். நீரிலிட்டால் ஹைட்ரஜன் வாயு பொங்கியெழும். கந்தகம் மற்றொரு மூலகம்; அது மஞ்சள் நிறமுடையது; நெருப்பிலிட்டால் மூச்சையடைக்கும் புகை கிளம்பும். இவ்விரண்டுடன் பிராணவாயுவும் நீரும் சேர்ந்த கூட்டுப்பொருளே ஜிப்சம். அதுவோ நீரிற் பொங்குவதுமில்லை, நெருப்பில் எரிவதுமில்லை.

இம்மாறுதலுக்குக் காரணம் யாதெனில், கூட்டுப்பொருளிலுள்ள கால்சிய அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, மின்னேற்றம் பெற்ற அயனியாக இருப்பதே. நீரிற் கரைந்த இந்த அயனியைத்தான் பயிர் உட்கொள்ளும்.

கலப்பற்ற சுண்ணாம்புக்கல்லில் நூற்றுக்கு 40 பங்கு கால்சியம் உண்டு; ஜிப்சத்தில் 23 பங்கே. இதைக் கேட்டவர் சுண்ணாம்புக்கல்லே மேலெனக் கருதக்கூடும். ஆனால், ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் 2 கிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்புக்கல்லோ அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. புளிப்பு மண்ணிற் சற்று அதிகமாகக் கரைந்து, அப்புளிப்பையும் மாற்றும். அந்த வேலையை ஜிப்சம் செய்யாது. ஆகவே ஒன்றின் வேலைக்கு மற்றொன்று ஈடாகாது.

மேலும், இலைக்குச் சென்ற கால்சியம் காய்க்குத் திரும்பி வருவது மிகச் சொற்பம். மண்ணுள் இறங்கிய விழுதும் இளங்காயும் தம்மைச் சுற்றியுள்ள ஈரத்திலிருந்தே அதை நேராக உறிஞ்ச வேண்டும். ஆதலால், இறவை மணிலாவுக்கு விதைத்த 40 முதல் 45-ஆம் நாளில், ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சத்தைச் செடியோரமாக இட்டு, கொத்தி மண் அணைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மண்ணில் ஈரமிருத்தல் அவசியம். ஜிப்சத்திலுள்ள கந்தகமும் வீண்போகாது. வித்தில் எண்ணெய் சேர அது உதவும்.

எனவே சங்கத்தில் உரம் வாங்கும் அங்கத்தினர், மூட்டையில் எத்தனை பங்கு சத்து என்று கேட்பதோடு நில்லாமல், அது எந்த உருவில் உள்ளது, எவ்வளவு கரையும், எப்போது காயருகே சேரும் என்றும் கேட்டறிதல் வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கிய உரமே காசுக்குப் பயன் தரும்.